ஓரிக்கை பாலம் தாண்டினால் டீசல் கணக்கு மாறும்

நவரை அறுவடை முடியும் நாட்களில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் வரும் சாலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும், பிக்கப் வண்டியில் எத்தனை விதம் உண்டு என்பது தெரிந்துவிடும். கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் இருக்கும் வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒன்றில் பக்கப் பலகையை இரண்டடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் இரும்புக் கம்பி வளைத்து, மேலே தார்ப்பாய் போட்டுக் கூண்டாக்கியிருக்கிறார்கள். முன்னால் கனத்த குழாயில் கார்டு, பின்னால் கூடுதலாக இரண்டு கமான் பட்டை, சேஸிஸ் முனையில் வெல்டு வைத்த கொக்கி. 'குட்டியானை' என்று செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ் வண்டிகளும் இந்த அலங்காரத்துக்கு விலக்கில்லை.

இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். "லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கும்னு சொல்லித்தான் வித்தாங்க, நமக்கு மட்டும் ஏன் வரலை?"

கம்பெனி சொல்லும் மைலேஜ், சோதனை முறைப்படி அளந்தது. அந்தச் சோதனையில் இரும்புக் கூண்டும் கிடையாது, மாகறல் வேகத்தடையும் கிடையாது. வண்டியில் கூட்டிய ஒவ்வொரு பொருளும் டீசலில் ஒரு பங்கு கேட்கிறது. அந்தப் பங்கு எல்லாச் சாலையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கிராமச் சாலையில் எடைதான் டீசலைக் குடிக்கும். காஞ்சிபுரம் நகரத்துக்குள் நின்று நின்று போவது குடிக்கும். நெடுஞ்சாலை ஏறிவிட்டால் உயரம் குடிக்கும். மூன்று சாலையையும் ஒரே நாளில் பார்க்கிற விவசாயிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மாலையில் களத்தில் ஏற்றி, இரவில் நகரத்தைத் தாண்டி, விடியுமுன் கோயம்பேட்டில் இறக்குகிறவர்கள் அவர்கள்.

உத்திரமேரூர் சாதாரண ஊர் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, குடவோலை முறையை எழுதி வைத்த கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிரித்து நிர்வாகம் செய்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வுக்கு நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. அந்த ஊர்ச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் டீசல் கணக்கு எழுதும் நோட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

களத்து மேட்டில் ஏறும் பாரம்

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஓரளவு பெரிய பிக்கப் ஒன்றை எடுத்துக் கொள்வோம். காலி எடை 1,700 கிலோ, ஏற்ற அனுமதி 1,300 கிலோ, ஆக மொத்தம் 3 டன். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் காலி எடையும் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏற்ற வேண்டிய பாரம் வந்துவிடும். இந்த வண்டிக்கு 32 மூட்டை.

"இன்னும் பத்து மூட்டை தாங்கும் தம்பி, போடு."

"பட்டை தாங்கும்ணே, பிரேக்கு தாங்காது."

களத்தில் இந்தப் பேச்சு நடக்காத நாள் இல்லை. பல நாள் அந்தப் பத்து மூட்டை ஏறியும் விடும். டீசலை மட்டும் பார்த்தால் கூடுதல் பாரம் நஷ்டம் என்று சொல்ல முடியாது. 40 கி.மீ வேகத்தில் போகும் வண்டியில் அனுமதிக்கு மேல் ஒரு டன், அதாவது 25 மூட்டை ஏற்றினால் டீசல் செலவு ஏறக்குறைய கால் பங்குதான் கூடும். மூட்டையோ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. மூட்டைக்கு ஆகும் டீசல் குறைகிறது. அதனால்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. 'அதிக பாரம் ஏற்றினால் மைலேஜ் போய்விடும்' என்று மட்டும் சொல்லி ஒரு விவசாயியைத் தடுக்க முடியாது. அவருக்குக் கணக்குத் தெரியும்.

அந்தக் கணக்கில் விடுபடுவது மற்ற செலவுகள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். மூட்டைக்கு 20 ரூபாய் வாடகை என்று வைத்துக் கொண்டால், 25 மூட்டைக்கு நடைக்கு 500 ரூபாய் லாபம். ஒரே ஒரு முறை பிடிபட்டால் 22,000 ரூபாய், அதாவது 44 நடையின் கூடுதல் லாபம் போயிற்று. டயர், கிளட்ச் பிளேட், பின் அச்சு பேரிங் இவற்றின் ஆயுள் குறைவதை இதில் சேர்க்கவே இல்லை.

டாடா ஏஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2005-ல் அது வந்தபோது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். முக்கால் டன் அளவு பாரத்துக்காகச் செய்த வண்டி. அதில் ஒன்றரை டன் ஏற்றினால் மேல் கியரில் போகவே போகாது. இரண்டாவது கியரில் இன்ஜின் கத்திக் கொண்டே மேட்டில் ஏறும்போது, பெரிய பிக்கப்புக்குச் சொன்ன 'கால் பங்கு கூடுதல்' கணக்கு இதற்குப் பொருந்தாது.

கிராமச் சாலையில் எடையோடு சேர்ந்து வருவது வேகத்தடை. 3 டன் வண்டி 50 கி.மீ வேகத்திலிருந்து நின்று, மறுபடி 50-க்கு வருவதற்கு மட்டும் சுமார் 30 மில்லி டீசல் ஆகிறது. 33 முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர். 4 டன் வண்டியானால் ஒவ்வொரு முறைக்கும் 40 மில்லி. மாகறல், களக்காட்டூர் என்று ஊருக்கு ஊர் தடை இருக்கிற சாலையில், தடை வரை வேகமாக வந்து பிரேக் அழுத்துகிறவருக்கும், தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு வண்டி தானாகத் தளர்ந்து வர விடுகிறவருக்கும் ஒரு நடையில் அரை லிட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். இதற்கு வண்டியில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை.

பட்டறையில் ஏறும் எடை

புது வண்டி வாங்கியதும் பலர் முதலில் போகும் இடம் பாடி கட்டும் பட்டறை. தரைக்குக் கனத்த செக்கர் தகடு, பக்கத்துக்கு ஆங்கிள், மேலே கூண்டு, முன்னால் கார்டு. எல்லாம் சேர்ந்து 150 கிலோ வருவது சுலபம். நெல் 1,300 கிலோ ஏற்றலாம் என்றிருந்த வண்டியில் இப்போது 1,150 கிலோதான் சட்டப்படி ஏற்ற முடியும். கிட்டத்தட்ட நான்கு மூட்டை இடத்தை இரும்பு எடுத்துக் கொண்டது.

நெல்லை நிலையத்தில் இறக்கிவிடலாம், இரும்பை இறக்க முடியாது. காலியாகத் திரும்பும்போதும், டீக்கடைக்குப் போகும்போதும், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போதும் அந்த 150 கிலோ கூடவே வரும். ஒரு நாளைக்கு 100 கி.மீ ஓடும் வண்டிக்கு, இருபது முப்பது இடத்தில் நின்று கிளம்புவதையும் சேர்த்தால், இந்த எடைக்கு மட்டும் சுமார் 220 மில்லி டீசல் ஆகும். லிட்டர் 92 ரூபாய் என்றால் நாளைக்கு 20 ரூபாய். ஆண்டில் 300 நாள் ஓடினால் 6,000 ரூபாய். மரப்பலகையோ மெல்லிய தகடோ போட்டிருந்தால் இதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

கூடுதல் கமான் பட்டை பற்றி ஒரு தவறான எண்ணம் ஊருக்கு ஊர் இருக்கிறது. இரண்டு பட்டை சேர்த்தால் வண்டி இன்னும் அரை டன் தாங்கும் என்கிறார்கள். பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக், அச்சு, டயர், ஸ்டியரிங் எதுவும் மாறவில்லை, ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறவில்லை. பாரம் இல்லாதபோது பின் சக்கரம் துள்ளும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும்.

டயரில் இருப்பது வேறொரு குழப்பம். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டவர்கள் 'மைலேஜ் குறைந்துவிட்டது' என்பார்கள். அதில் ஒரு பகுதி உண்மைக் குறைவு. பெரிய சக்கரத்தைச் சுழற்ற இன்ஜினுக்குக் கூடுதல் பலம் வேண்டும். மற்றொரு பகுதி மீட்டர் செய்யும் வேலை. டயர் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், வண்டி 105 கி.மீ போனாலும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். அந்த எண்ணை வைத்து வகுத்தால் மைலேஜ் குறைந்த மாதிரி தெரியும். தேய்ந்த டயரில் இதற்கு நேர்மாறு: மீட்டர் கூட்டிக் காட்டும், மைலேஜ் நன்றாக இருப்பது போல் தோன்றும். புது டயர் போட்ட மறு வாரமே 'வண்டி டீசல் குடிக்கிறது' என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேகமானியும் இதே மாதிரி குறைத்துக் காட்டும் என்பதால், 60 என்று நினைத்து 63-ல் போய்க் கொண்டிருப்பார்கள்.

காற்றழுத்தம் சின்ன விஷயம் போலத் தெரியும். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் வீணாகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்லும் கணக்கு. பாரம் ஏற்றும் வண்டியில் பின் டயருக்கு 60 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வேண்டியிருக்க, 40-ஐ வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. மாதம் ஒரு முறை கண்ணால் பார்த்து, காலால் உதைத்துப் பார்ப்பது அளவு பார்த்ததாகாது. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ கையேட்டிலோ காலி வண்டிக்கும் பாரத்துக்கும் தனித்தனி அளவு போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆர்.சி.யில் பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. முன்பக்க இரும்புக் கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடை செய்தது. எஃப்.சி. நாளன்று கார்டையும் கூண்டையும் கழற்றிப் பட்டறையில் வைத்துவிட்டு, மறுநாள் போய் மாட்டிக் கொள்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வரும்போது அப்படிக் கழற்றி வைக்க நேரம் இருக்காது.

பாவு நீட்டிய தெருவில்

பாலாற்றைக் கடந்து ஓரிக்கையில் நுழைந்ததும் டீசல் கணக்கின் தன்மை மாறுகிறது. நகரத்துக்குள் வேகம் இல்லை, காற்றின் எதிர்ப்பும் இல்லை. ஆனால் வண்டி போவதைவிட நிற்கும் நேரம் அதிகம். வரதராஜ பெருமாள் கோயிலின் வைகாசி கருட சேவை, ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தெருவில் உற்சவம். 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் இந்த ஊர்ச் சாலைகள் பட்ட பாட்டை வண்டிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் காலை நேரத்தில் பாவு நீட்டுவார்கள். தெரு நெடுகப் பட்டு இழைகள் கம்பில் தாங்கி நிற்கும். அந்த நேரம் வண்டி உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. தெரிந்த ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். தெரியாதவர் இன்ஜினை ஓடவிட்டு ஹாரன் அடிப்பார். சும்மா நின்று ஓடும் சிறிய டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். காய்கறி மார்க்கெட்டில் இறக்கும்வரை இன்ஜினை அணைக்காத வழக்கமும் இப்படித்தான் காசைத் தின்கிறது. 'மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதிக டீசல் ஆகும்' என்பது பழைய நம்பிக்கை. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்றால் அணைத்துவிடுவதே லாபம். கிளட்சைப் பாதி மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்த்துவதில் டீசலைவிட கிளட்ச் பிளேட்டுக்குத்தான் சேதம் அதிகம்.

நெல் வண்டிக்காரர் பார்த்துக் கற்றுக் கொள்ள வேண்டிய வண்டி ஒன்று இந்த நகரத்தில் ஓடுகிறது. காந்தி ரோடு ஜவுளிக் கடைகளுக்கும் சென்னைக்கும் இடையே சேலை ஏற்றிப் போகும் மூடிய பெட்டி பிக்கப். ஒரு பட்டுச்சேலை ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே. 200 சேலை ஏற்றினாலும் ஐந்து நெல் மூட்டை எடைதான். பாரம் இல்லாத அந்த வண்டிக்கு நகரத்துக்குள் நல்ல மைலேஜ் கிடைக்க வேண்டும், கிடைக்கவும் செய்கிறது. பொன்னேரிக்கரை தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் அது சரிந்துவிடுகிறது. ஓட்டுநரின் கேபினுக்கு மேலே இரண்டடி எழுந்து நிற்கும் பெட்டியின் தட்டையான முகப்புதான் காரணம்.

நெடுஞ்சாலையில் காற்றின் கை

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிர்ப்பு எவ்வளவு என்பது வண்டியின் முகத்தின் அகலம், உயரம், வடிவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

அதே 3 டன் வண்டியைக் காஞ்சிபுரத்திலிருந்து சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு வரை சுமார் 70 கி.மீ ஓட்டுவதாக வைத்துக் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். சமதளச் சாலை, காற்று இல்லை, நிறுத்தம் இல்லை. கூண்டு இல்லாமல் 60 கி.மீ வேகத்தில் போனால் 4.2 லிட்டர். கேபினுக்கு மேல் இரண்டடி எழும் கூண்டோடு அதே வேகத்தில் 4.8 லிட்டர். கூண்டு இல்லாமல் 80-ல் போனால் 5.5 லிட்டர். கூண்டோடு 80-ல் போனால் 6.6 லிட்டர். ஒரே பாரம், ஒரே தூரம். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே 2.4 லிட்டர், அதாவது 220 ரூபாய். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும், போக்கு மாறாது.

இதில் வேகத்தின் பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். கூண்டு வண்டியை 80-க்குப் பதிலாக 60-ல் ஓட்டினால் 1.8 லிட்டர் மிச்சம்; கூடுதலாக ஆகும் நேரம் 17, 18 நிமிடம். அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவரும் அந்தச் சாலையில், சுங்கச்சாவடியையும் மாற்றுப்பாதைகளையும் கழித்தால், 80-ல் பறந்தவரும் 60-ல் வந்தவரும் பூந்தமல்லி நெரிசலில் ஒரே வரிசையில் நிற்பதைப் பல நாள் பார்க்கலாம். கத்தரி, வெண்டை ஏற்றியவர் மார்க்கெட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது உண்மை. வீட்டிலிருந்து 20 நிமிடம் முன்னால் கிளம்பினால் அந்த 165 ரூபாய் கையில் நிற்கும்.

கூண்டு வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மழையில் நெல் நனையக் கூடாது, வெயிலில் கீரை வாடக் கூடாது. ஆனால் நிரந்தரமாக வெல்டு வைத்த கூண்டுக்கும், மடக்கி வைக்கிற கம்பிக்கும் செலவு வித்தியாசம் பெரிதில்லை. மடக்கும் கம்பியானால் தேவையான நாளில் மட்டும் தூக்கலாம். பாரம் கேபின் உயரத்தைத் தாண்டாதபோது தார்ப்பாயைப் பாரத்தின் மேலேயே படுக்க இழுத்துக் கட்டினால் போதும். தளர்ந்து படபடக்கும் தார்ப்பாய் காற்றைப் பிடித்து இழுக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். பெட்டி வண்டிக்காரர்களுக்கு, கேபின் கூரையில் சாய்வாகப் பொருத்தும் காற்றுத் தடுப்புத் தகடு உண்மையிலேயே உதவும். நீண்ட தூர லாரிகளில் அதை வைத்திருப்பது அழகுக்காக அல்ல. பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும். பெட்டி இல்லாத வண்டியில் அதே தகட்டை மாட்டினால் பயனில்லை.

காலியாகத் திரும்பும்போது பின் டோரைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையின்றிப் போகும், மைலேஜ் கூடும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. மூடிய டோருக்கு முன்னால், தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி நிற்கும். மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிக் கொண்டு போய்விடும். திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலைகிறது. மூடி ஓட்டுவதே சரி, பின்னால் வரும் பைக்காரருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பின்னால் கட்டி இழுத்தால்

திருவிழாக் காலத்தில் ஜெனரேட்டர் வண்டியைப் பிக்கப்பின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போவது இந்தப் பக்கம் வழக்கம். சிலர் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் பம்புசெட்டையோ, மருந்து அடிக்கும் தொட்டியையோ வைத்து இழுக்கிறார்கள்.

700 கிலோ ஜெனரேட்டர் என்று வைப்போம். அதைத் தொட்டியிலேயே ஏற்றினால், 60 கி.மீ வேகத்தில் காலி வண்டிக்கு ஆகும் டீசலைவிட ஆறில் ஒரு பங்கு சற்றுக் கூடுதலாக ஆகும். அதையே 300 கிலோ எடையுள்ள டிரெய்லரில் வைத்து இழுத்தால் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. டிரெய்லரின் சொந்த எடை, அதன் இரண்டு டயர்களின் உராய்வு, இரண்டு வண்டிக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து சுழலும் காற்று எல்லாம் சேர்ந்த விளைவு அது. டிரெய்லர் டயரில் காற்று யாரும் பார்ப்பதில்லை. பாதிக் காற்றோடு ஓடும் அந்த டயர்கள் பங்கை இன்னும் கூட்டும். தொட்டியில் ஏற்ற முடிந்த பொருளை இழுத்துப் போவதில் லாபம் எதுவுமில்லை.

இழுத்தே ஆக வேண்டும் என்றால் டீசலுக்கு முன்னால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். சொந்தப் பிரேக் இல்லாத டிரெய்லர், முன் வண்டி நிற்கும்போது பின்னாலிருந்து தள்ளும். வளைவில் தள்ளினால் வண்டி மடங்கித் திரும்பிவிடும். பாரத்தை டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால் முன் கொக்கி மேலே தூக்கி, ஓடும்போது பாம்பு போல நெளியும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்துமாறு அடுக்குவது நல்லது. ஆர்.சி.யிலும் கம்பெனி கையேட்டிலும் டிரெய்லர் இழுக்க அனுமதி இருக்கிறதா, டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்பதைப் பார்த்துக் கொள்ள வேண்டும். வெல்டு வைத்த கொக்கியும் 'மாற்றம்' கணக்கில்தான் சேரும். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் 25 கி.மீ-க்கு மேல் போகக் கூடாது.

கரும்பு வெட்டிப் படாளம் சர்க்கரை ஆலைக்கு அனுப்புகிறவர்களுக்கு டிராக்டரும் டிரெய்லரும்தான் சரி. டிராக்டர் இழுப்பதற்கென்றே செய்த வண்டி, 20 கி.மீ வேகத்தில் காற்று ஒரு பொருட்டில்லை. ஐந்து மூட்டை உரம் வாங்க அதே டிராக்டரை டிரெய்லரோடு 15 கி.மீ தூரம் ஓட்டுவதில்தான் டீசல் வீணாகிறது.

காந்தம் விற்கிறவர்கள்

டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும், டேங்கில் மாத்திரை போட்டால் கூடும் என்று விற்கிறவர்கள் சந்தை தோறும் வருகிறார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து, எதிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று கண்டிருக்கிறது. காந்தத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காற்றழுத்தமானி வாங்கலாம்.

'சிப்' மாற்றி இன்ஜின் பலத்தைக் கூட்டும் வேலை அதைவிட ஆபத்தானது. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ். 6 வண்டிகளில் புகையை வடிகட்டும் அமைப்புகள் இன்ஜின் கணினியோடு இணைந்தே வேலை செய்கின்றன. அதில் கை வைத்தால் வாரண்டி போகும், புகைச் சான்று கிடைக்காது. கூடிய பலத்தைப் பயன்படுத்தி ஓட்டினால் டீசலும் கூடுதலாகத்தான் ஆகும். பழைய வண்டி கரும்புகை விட்டால் அது எரியாத டீசல். இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லும் அறிகுறி. வைக்கோல் தூசியிலும் நெல் சுணையிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் எழுதிய கெடுவுக்கு முன்பே ஃபில்டரை மாற்ற வேண்டியிருக்கும்.

நோட்டில் எழுத வேண்டியது

தன் வண்டியின் உண்மையான மைலேஜைக் கண்டுபிடிக்க ஒரே வழி, டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது. ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் ஊற்றக் கூடாது. மீட்டர் எண்ணையும் லிட்டரையும் எழுதும்போது பக்கத்தில் மூன்று குறிப்பு சேர்க்க வேண்டும்: எத்தனை மூட்டை, கூண்டு ஏறியிருந்ததா, எந்தச் சாலை. ஒரு முறை பார்த்தது போதாது, நான்கைந்து நிரப்பலாவது வேண்டும். மொத்த டீசல் செலவை மொத்த மூட்டையால் வகுத்தால் வரும் எண், லிட்டருக்கு எத்தனை கி.மீ என்பதைவிடப் பயனுள்ளது. லிட்டருக்கு 18 கொடுத்துக் காலியாகத் திரும்பும் வண்டியைவிட, 13 கொடுத்து இரு பக்கமும் பாரத்தோடு வரும் வண்டி வீட்டுக்கு அதிகம் சம்பாதிக்கும்.

கோயம்பேட்டில் இறக்கிவிட்டு விடியற்காலையில் திரும்பும் வண்டிகளில் பெரும்பாலானவை காலியாகத்தான் வருகின்றன. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே வண்டியில் காய் அனுப்பி, வாரம் இரண்டு நாளாவது திரும்பும் நடையில் உரமோ, விதையோ, காலிக் கூடைகளோ ஏற்றிவர ஏற்பாடு செய்து கொண்ட இடங்களில் வாடகை குறைந்திருக்கிறது. ஏற்ற எதுவும் இல்லாத நாளில், இறக்கிய இடத்திலேயே தார்ப்பாயை அவிழ்த்துக் கம்பியை மடக்கிவிடுவது பத்து நிமிட வேலை. பூந்தமல்லி தாண்டி வரும்போது இடது கரையில் நின்று பார்த்தால், காலித் தொட்டியின் மேல் தார்ப்பாய் புடைத்துக் கொண்டு வரும் வண்டிகள் எத்தனை என்று எண்ணலாம்.